மழைக்கு முந்திய ஞாயிறு

நமது சேலம், நாமக்கல் சமவெளியில் உறைபனி விழுவதில்லை. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலத்திலேதான், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், புல்வெளி வெண்மை போர்த்துக் கிடக்கும் காட்சியைக் காண்கிறோம். அங்கே காய்கறி பயிரிட்டோர், இரவில் செடிமேல் படிந்த உறைபனியின்மீது வெயில் விழுமுன் விடியற்காலையிலேயே தெளிப்பான்களால் நீர் தெளித்து அதைக் கரைக்கிறார்கள். தேயிலைச் செடிகளைப் பெரணித் தழை கொண்டு மூடுகிறார்கள். குளிர்நாடுகளிலோ, இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி வருகிறதென்ற அறிவிப்பைக் கேட்டதும் தோட்டக்காரர் தக்காளியைக் காயாகவே பறித்து வீட்டினுள் பழுக்க வைப்பார். பூசணியை அறுத்து உள்ளே சேர்ப்பார். எஞ்சியவற்றைத் துணியால் போர்த்துவார். ஒரு பருவத்தின் உழைப்பு ஓரிரவில் கருகிவிடும் என்னும் அச்சமே இத்தனை விரைவுக்கும் காரணம்.

அந்த அச்சம் நமக்கும் புதிதன்று. நம் ஊரில் அது மழையின் உருவில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறையினர் கணித்துள்ளனர். ஆயினும் ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே மாலை வேளைகளில் இடியும் மின்னலுமாய் நம் சமவெளியில் மழை கொட்டுவதை நாம் அறிவோம். இராசிபுரம், எருமப்பட்டிப் பக்கங்களில் ஆடிக்கு முன்பின்னாய் நட்ட சின்ன வெங்காயம் தாள் சாய்ந்து காய்ந்து நிற்பதும் இந்த நாள்களில்தான். அதைப் பிடுங்கி, தாளோடு இரண்டு மூன்று நாள் வயலிலேயே உலர்த்தி, தாளை அரிந்து, பட்டறையில் ஏற்ற வேண்டும். முற்றிய வெங்காயத்தின்மீது மழை பெய்தால் அது மறுபடி வேர்விட்டு முளைக்கும். ஈரத்தோடு பட்டறையில் ஏற்றினாலோ உள்ளுக்குள்ளேயே புழுங்கி அழுகும். நம் பக்கத்தார் கடலைக்காய் என்று சொல்லும் நிலக்கடலையின் நிலையும் இதுவே. நிலம் இறுகிவிட்டால் செடியைப் பிடுங்க முடியாமல் காய் மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே உழவர் ஒரு தூறலை வேண்டுகிறார். தூறல் அடைமழையானால், விதையுறக்கம் இல்லாத கொத்துக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வேண்டிய மழையே வேண்டாத மழையாவதற்கு இடையில் இரண்டு நாள்கூட இருப்பதில்லை.

இத்தகைய நாள்களுள் ஒன்று ஞாயிறாக அமைந்துவிட்டால் என் செய்வது? காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் பங்குக் குருவிடம் கேட்கப்படும் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று இது: "சாமி, மேகம் இறங்கி நிக்குது. இன்னைக்கு வெங்காயம் புடுங்கலாமுங்களா?" கேட்பவருக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை என்னும் ஒரு சொல். ஆனால் அந்த வினாவுக்கு அடியில் அதைவிடப் பெரிய வினா ஒன்று கிடக்கிறது. அவசரம் என்பது எந்தக் கடமையிலிருந்து நம்மை விடுவிக்கிறது? எதிலிருந்து ஒருபோதும் விடுவிப்பதில்லை? உழவருக்கு மட்டுமன்றி, ஏதோ ஒரு நெருக்கடியைக் காரணம் காட்டி அன்றாடம் ஏதோ ஒன்றைத் தள்ளிவைக்கும் நம் அனைவருக்கும் உரிய வினா இது.

முதற்கண் ஒரு தவறான பக்தியை விலக்கிவிடுவோம். பயிரைக் காக்க ஓடுவது இறைப் பராமரிப்பின்மீது நம்பிக்கையற்ற செயல் என்றும், எல்லாவற்றையும் ஆண்டவர்மேல் போட்டுவிட்டு இருப்பதே விசுவாசம் என்றும் சிலர் எண்ணுகின்றனர். திருமறை அவ்வாறு கற்பிக்கவில்லை. தொடக்க நூலில் யோசேப்பு வளமான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்துவைத்ததால்தான் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் எகிப்தியரும் அண்டை நாட்டாரும் உயிர் பிழைத்தனர். கனவின் பொருளை இறைவன் வெளிப்படுத்தினார். களஞ்சியம் கட்டும் வேலையை மனிதனிடம் விட்டார். விவேகம் தலையாய நற்பண்புகள் நான்கனுள் ஒன்று என்று திருச்சபை கற்பிக்கிறது. வள்ளுவரும் காலமறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இன்று இந்திய வானிலைத் துறை செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் மாவட்டந்தோறும் உழவருக்கான வானிலை அறிவுரையை வெளியிடுகிறது. கைப்பேசியிலேயே அதைக் காணலாம். அதைப் பார்த்து அறுவடையை முன்தள்ளுபவர் இறைவனைச் சந்தேகிப்பவர் அல்லர்; அவர் தந்த அறிவைப் பயன்படுத்துபவர்.

அப்படியானால் லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் செல்வன் ஏன் அறிவிலி எனப்பட்டான்? அவனும் விளைச்சலைச் சேர்க்கத்தானே திட்டமிட்டான்? அந்த உவமையைக் கூர்ந்து படித்தால் ஒன்று விளங்கும். அவன் யாரிடமும் பேசவில்லை. தன் நெஞ்சோடு மட்டுமே பேசுகிறான். வேலையாள் பற்றியோ, அயலார் பற்றியோ, எளியவர் பற்றியோ அவன் உரையாடலில் ஒரு சொல்லும் இல்லை. களஞ்சியத்தைப் பெரிதாகக் கட்டியதைவிட, அதில் தன்னைத் தவிர வேறெவருக்கும் இடம் வைக்காததே அவன் குற்றம். பயிரைக் காப்பதன் அறம் இங்கேதான் தொடங்குகிறது.

இனி, ஓய்வு நாளைப் பற்றிய வழக்கைப் பார்ப்போம். விடுதலைப் பயண நூலின் 34ஆம் அதிகாரம், உழவுக்காலத்திலும் அறுவடைக்காலத்திலும்கூட ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கக் கட்டளையிடுகிறது. வேலை நெருக்கும் காலத்தையே சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. கி.பி. 321ஆம் ஆண்டு மார்ச் மாதம் மன்னர் கான்ஸ்தந்தீன் ஞாயிற்றை நீதிமன்றங்களுக்கும் நகர மக்களுக்கும் ஓய்வு நாளாக அறிவித்தபோதோ, உழவருக்கு விலக்களித்தார். விதைக்கவும் கொடிமுந்திரி நடவும் ஏற்ற நாள் வேறொன்று வாய்க்காமற் போகலாம் என்பது அவர் கூறிய காரணம். 789ஆம் ஆண்டில் மன்னர் சார்லமேன் பிறப்பித்த ஆணை அந்த விலக்கை நீக்கி, ஞாயிறன்று உழுவதையும் அறுப்பதையும் தடைசெய்தது. ஒரே நம்பிக்கையைக் கொண்ட இரு மன்னர்கள் ஒரே வினாவுக்கு எதிரெதிரான விடைகளைத் தந்தார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுவழியைக் காட்டியவர் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் (1159–1181). வடகடலில் ஹெர்ரிங் என்னும் மீன் பெருங்கூட்டமாய்க் கரையோரம் வரும். வந்த நாளிலேயே பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை. அந்த நாள் ஞாயிறாயிருந்தால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு, நார்வே நாட்டுத் திரோந்தெய்ம் பேராயருக்கு அவர் விடை எழுதினார். பெருவிழாக்கள் நீங்கலாக மற்ற ஞாயிறுகளிலும் திருநாள்களிலும், தேவை நெருக்கும்போது, மீன் பிடிக்கலாம் என்று அனுமதித்தார். அத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: பிடித்ததில் தகுந்த பங்கைச் சுற்றியுள்ள கோவில்களுக்கும் கிறிஸ்துவின் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும். 1234இல் வெளியான திருச்சபைச் சட்டத் திரட்டில் இம்மடல் இடம்பெற்றது. புனித தோமா அக்குவினாவும், பொருளுக்கு உடனடியாக நேரவிருக்கும் சேதத்தைத் தவிர்க்கச் செய்யும் உடலுழைப்பு ஓய்வு நாளை மீறுவதாகாது என்று எழுதி, குழியில் விழுந்த ஆட்டைப் பற்றி ஆண்டவர் கேட்ட கேள்வியை அதற்குச் சான்றாக்கினார்.

இன்றைய நிலையும் ஏறத்தாழ இதுவே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்கவும், இறைவழிபாட்டுக்கும் அந்நாளின் மகிழ்ச்சிக்கும் உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வுக்கும் தடையான வேலைகளைத் தவிர்க்கவும் பணிக்கிறது. தகுந்த காரணம் இருப்பின், தனித்தனி நேர்வுகளில், பங்குக் குரு அக்கடமையிலிருந்து விலக்களிக்கலாம். அல்லது அதை வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தரலாம். ஆகவே கோவில் வாசலில் கேட்கப்படும் வினாவுக்குச் சுருக்கமான விடை உண்டு: திருப்பலி கண்டுவிட்டுப் போங்கள், இன்று விட்டால் அழிந்துவிடும் என்பது உறுதியானால், பிடுங்குங்கள்.

ஆனால் இந்தச் சுருக்கமான விடையோடு நாம் நின்றுவிடக் கூடாது. விடுதலைப் பயணம் அறுவடைக்காலத்திலும் ஓய்ந்திரு என்கிறது. நற்செய்தியோ குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கு என்கிறது. இவை முரண்படுகின்றனவா? இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அறுவடை ஆண்டுதோறும் வருவது. எப்போது வரும் என்பதும் தெரிந்ததே. ஆடு குழியில் விழுவது எதிர்பாராதது. ஆண்டுதோறும் தவறாமல் வருகின்ற அவசரம் உண்மையில் அவசரமன்று. அது நாம் திட்டமிடாமல் விட்ட வேலை. பருவத்தின் பெயரால் ஓய்வைப் பறிக்காதே என்கிறது பழைய சட்டம். விபத்தின் வேளையில் சட்டத்தின் பெயரால் இரக்கத்தை மறுக்காதே என்கிறார் ஆண்டவர். எனவே, அவசரம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் முதலில் தம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அவசரத்தை உண்டாக்கியவர் யார்?

ஒரு நேர்வை எண்ணிப் பார்ப்போம். வெங்காயம் பத்து நாள் முன்னரே பிடுங்கும் பக்குவத்தில் இருந்தது. விலை இன்னும் ஏறும் என்று காத்திருந்தார் ஒருவர். இப்போது மேகம் கூடிவிட்டது. ஞாயிறு என்றும் பாராமல் ஆள்களைத் தேடுகிறார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நல்ல பழமொழிதான். ஆனால் காற்று வீசிய நாள்களில் சும்மா இருந்துவிட்டு, அது நின்றபின் அடுத்தவரை விசிறச் சொல்வதற்கு அப்பழமொழி இடம் தரவில்லை. விலைக்காகக் காத்திருந்தது பாவம் என்று நாம் சொல்லவில்லை; கடனில் இருக்கும் உழவர் நாலு காசு கூடுதலாக எதிர்பார்ப்பதில் என்ன குறை? அவர் காத்திருந்ததன் இலாபம் அவருக்கு வந்திருக்கும் என்றால், அதன் சுமையும் அவருக்கே உரியது, அதைக் கூலியாளின் தோளில் இறக்கிவைக்கக் கூடாது என்பதே நாம் சொல்வது.

இங்கே நாம் எளிதில் மறந்துவிடும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பெரும்பாலும் வெங்காயம் பிடுங்குவதும் தாள் அரிவதும் கடலைக்காய் ஆய்வதும் பெண்கள். வாரத்தின் ஆறு நாளும் வயலில் குனிந்திருந்தவர் அவர். ஏழாம் நாளில் அவருக்கும் துவைக்கத் துணி இருக்கிறது. கவனிக்கப் பிள்ளை இருக்கிறது. வணங்கக் கடவுள் இருக்கிறார். நிலத்துக்காரருக்குக் கிடைத்த விலக்கு தானாகவே கூலியாளையும் கட்டுப்படுத்தும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. தேவையின்றிப் பிறர்மீது வேலையைச் சுமத்தி, ஆண்டவரின் நாளை அவர்கள் கடைப்பிடிக்கத் தடையாக இருத்தலாகாது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே எச்சரிக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமைகளுள் ஒன்றாகவே வைத்துப் பேசினார். ஆகவே அவரை அழைக்கலாம், மிரட்டக் கூடாது. வரமாட்டேன் என்றவரை மறுவாரம் வேலைக்குக் கூப்பிடாமல் விடுவதும் மிரட்டலே. வந்தவருக்கு வழக்கமான கூலிக்கு மேல் கொடுப்பது நீதி. அதை அன்று மாலையே கொடுக்க வேண்டும். கதிரவன் மறையுமுன் கூலியைக் கொடுத்துவிடு என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளைக்கு மழை மேகம் விலக்காகாது.

அடுத்து, யாருடைய வயலில் முதலில் பிடுங்குவது? ஒரே மாலையில் ஊர் முழுவதற்கும் ஆள் தேவைப்படும்போது, கூடுதலாகத் தரக்கூடியவரின் காட்டுக்கே ஆள்கள் போவார்கள். அரை ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண்ணின் வெங்காயம் நனையும். சந்தையின் வழக்கு அது. முன்னாளில் நம் ஊர்களில் ஒருவர் காட்டு வேலைக்கு மற்றவர் மாற்றாளாய்ப் போகும் வழக்கம் இருந்தது. கூலி கையில் இல்லாதவரின் பயிரும் அதனால் கரையேறிற்று. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உரிமையாளர் பொழுது சாயும் வேளையிலும் சந்தைவெளிக்குச் சென்று ஆளழைக்கிறார். யாரும் கூலிக்கு அமர்த்தாமல் நின்றவர்களுக்கும் அவர் தோட்டத்தில் இடம் இருந்தது; முழுக் கூலியும் இருந்தது. நெருக்கடியான வேளையில் கடைசியில் நிற்பவரை எண்ணிப் பார்ப்பதே அயலன்பின் உண்மையான சோதனை.

மூன்றாவதாக, வாங்குபவர். மழையில் நனைந்த வெங்காயத்தை மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாய் மூட்டை கட்டி அனுப்பினால், பணம் வாங்கியவருக்குச் சேதம் இல்லை. சேதம் வேறொருவர் கடையில் நிகழும். நிலக்கடலையிலோ இது இன்னும் கடுமையானது. சரியாகக் காயாத கடலையில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததை ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்தில் சேர்ந்த கடலைப் புண்ணாக்கிலிருந்தே இந்த நஞ்சு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது மனிதரின் கல்லீரலையும் கெடுப்பது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் பகுதியில் தீவனம் அரைப்போர் அந்தப் பெயரை நன்கறிவர். பூஞ்சை பிடித்த காயை நல்ல காயோடு கலந்து விற்பவர், மழை கெடுத்ததைத் தன் கையால் இன்னொருவர் உணவில் சேர்க்கிறார். அவசரம் ஓய்வு நாளின் கடமையைத் தளர்த்தலாம். உண்மை பேசும் கடமையை அது தளர்த்துவதில்லை. நனைந்ததை நனைந்தது என்று சொல்லி, குறைந்த விலைக்கு விற்பதே நேர்மை.

நான்காவது, மூன்றாம் அலெக்சாந்தரின் நிபந்தனை. ஞாயிறன்று பிடித்த மீனில் ஏழைக்குப் பங்கு வை என்றார் அவர். இது அபராதமன்று. ஆண்டவரின் நாளில் கிடைத்தது ஆண்டவருடையது. அதை அவர் ஏழைகளின் கையால் பெற்றுக்கொள்கிறார். லேவியர் நூல் வயலின் ஓரத்தையும் சிந்தியதையும் எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கச் சொல்வதும் இதே கருத்தில்தான். விரைந்து பிடுங்கிய வயலில் தப்பிய வெங்காயம் அதிகமாகவே கிடக்கும். மறுநாள் அதைப் பொறுக்க வரும் ஏழைகளை விரட்டாமலிருப்பதே ஒரு ஞாயிறு வழிபாடு எனலாம்.

இவ்வளவையும் படித்த உழவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்கக்கூடும்: "கூலியும் கூட வேண்டும், விலையும் குறைய வேண்டும், பங்கும் வைக்க வேண்டும் என்றால் எனக்கு மிஞ்சுவது என்ன? நானும் ஏழைதானே?" நியாயமான கேள்வி. விலையை அவர் வைப்பதில்லை. மண்டியில் வேறொருவர் வைக்கிறார். வரத்து கூடிய நாளில் பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகையவரிடம் கடமைகளின் பட்டியலை மட்டும் நீட்டுவது அறமாகாது. ஏழைக்குப் பங்கு வைக்கும் கடன் அவரவர் இருப்புக்கேற்பக் கூடும், குறையும். கைப்பிடி வெங்காயமும் பங்குதான். ஆனால் கூலி கொடுப்பதும் உண்மை சொல்வதும் அப்படிக் குறைவன அல்ல. ஆகவேதான் இச்சுமையை அவர்மேல் மட்டும் விட்டுவிடலாகாது.

எஞ்சிய பங்கு நம்முடையது. ஞாயிறன்று ஓய்ந்திருந்து அந்த வெங்காயத்தைச் சாம்பாரில் போட்டு உண்கின்ற நகரத்தார் நாம். கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவதற்குமுன், அதைக் காத்தெடுத்த கைகளை நினைப்பது நம் கடமை. பங்குச் சமூகமாகவும் நாம் செய்யக்கூடியவை உண்டு. அறுவடை நாள்களில் ஒரு திருப்பலியை விடியற்காலைக்கு மாற்றலாம். பங்குப் பேரவை நாலு தார்ப்பாய்களை வாங்கி வைத்து, கேட்போருக்கு மதம் பாராமல் இரவல் கொடுக்கலாம். கோவில் முன்னுள்ள சிமென்ட் தளத்தில் கடலைக்காய் உலர்த்த இடம் விடலாம். மழை கூடிய ஞாயிறன்று இளைஞர் இயக்கத்தார், ஆள் கிடைக்காத ஒருவரின் அரை ஏக்கருக்குக் கூலியின்றிப் போகலாம். பங்குக் குரு ஓய்வு நாளின் கடமையை வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தரலாம் என்று சட்டம் சொல்கிறதல்லவா? இதைவிடச் சிறந்த மாற்று எது?

இத்தனைக்குப் பிறகும் சில ஆண்டுகளில் மழையே வெல்லும். பட்டறையில் ஏற்றியதும் அழுகும். அப்போது நம் முயற்சி வீணாயிற்று என்று வருந்துவது இயல்பு. எனினும், அன்று மாலை கூலி வாங்கிச் சென்றவரின் வீட்டில் உலை கொதித்திருக்கும். அயலாரின் அரை ஏக்கர் கரையேறியிருக்கும். நம் பெயரைச் சொல்லி எவரும் கெட்ட கடலையைத் தின்றிருக்கமாட்டார். அவற்றை எந்த மழையும் நனைப்பதில்லை. ஆகவே அடுத்த முறை மேகம் இறங்கி நிற்கும்போது, பிடுங்கலாமா என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: யாரோடு சேர்ந்து பிடுங்குவது, யாருக்கெல்லாம் அதில் பங்கு?